கியர் விழவில்லையா? பிளேட்டை விடுங்கள், முதலில் ஆயிலைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: இந்த முறை கிளட்ச்

கிளட்ச் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்துப் படித்தபோது ஒன்று தெரிந்தது. பெடல் சரியில்லை என்று ஒர்க்‌ஷாப் போனவர்களில் பலரிடம் முதலில் சொல்லப்பட்டது "பிளேட் போச்சு சார், செட்டு மாத்தணும்" என்பதுதான். பிளேட் போவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெடலுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் இரண்டு சிலிண்டர் (பெடல் பக்கம் மாஸ்டர், கிளட்ச் பக்கம் ஸ்லேவ்), ஒரு குழாய், கொஞ்சம் ஆயில், நாலைந்து ரப்பர் வாஷர் இருக்கிறதே, அதை யாரும் பார்த்ததாகவே தெரியவில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க, ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச்தான்.

என் காரில் காலையில் ரிவர்ஸ் போடும்போது 'கர்ர்ர்' என்று சத்தம் வருகிறது. கிளட்சை ரெண்டு மூணு தடவை மிதித்துவிட்டுப் போட்டால் சத்தமில்லாமல் விழுகிறது. 80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, கிளட்ச் செட் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? – தாராபுரம் வாசகர்

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. தேய்ந்த பிளேட், பெடலை நாலு முறை மிதித்தால் வளர்ந்துவிடாது. மிதிக்க மிதிக்கச் சரியாகிறது என்றால் ஹைட்ராலிக் பக்கம்தான் கோளாறு: லைனில் காற்று இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் பிடிமானம் இழந்திருக்கிறது.

கிளட்ச் கெடுவதில் இரண்டு வகை உண்டு, இரண்டும் நேர் எதிர். ஒன்று ஸ்லிப்: ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. இங்கே கிளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை. தேய்ந்த பிளேட்டின் வேலை பெரும்பாலும் இது. இன்னொன்று, கிளட்சை முழுக்க மிதித்தும் அது விடுபடாமல் இருப்பது. கியர்பாக்ஸ் உள்ளே இன்னும் சுற்றிக்கொண்டே இருப்பதால் கியர் விழாது. முன்னால் போகும் கியர்களில் இருக்கும் சிங்க்ரோனைசர் (சுற்றும் வேகத்தைச் சமப்படுத்தி கியரைச் சத்தமில்லாமல் விழ வைப்பது) பல கார்களில் ரிவர்ஸுக்குக் கிடையாது, ஆகவே முதலில் கத்துவது ரிவர்ஸ்தான். உங்களுடையது இந்த இரண்டாவது வகை.

வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி விழும். அப்புறம் ஸ்டார்ட் செய்து, கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு போடுங்கள். அணைத்தபோது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கியர்பாக்ஸில் பெரும்பாலும் குறை இல்லை, கிளட்ச் விடுபடவில்லை. இரண்டு நேரத்திலும் முரண்டு பிடித்தால் கியர் லிவர் கேபிள், லிங்கேஜ் பக்கம் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் பெடலுக்குக் கீழே குனிந்து பாருங்கள். புதிதாக வாங்கிப் போட்ட தடிமனான மேட் மடிந்து பெடலுக்கு அடியில் சிக்கியிருந்தால், பெடல் கடைசி வரை போகாது. சிரிக்க வேண்டாம், இது நடக்கிற விஷயம்.

கிளட்ச் ஆயில் டப்பாவில் ஆயில் குறைந்துகொண்டே வருகிறது. மாதம் ஒரு முறை ஊற்றுகிறேன். தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. எங்கேதான் போகிறது? – மதுரை வாசகர்

முதலில் உங்கள் காரில் கிளட்சுக்குத் தனி டப்பாவா, பிரேக்கோடு சேர்ந்த டப்பாவா என்று பாருங்கள். சேர்ந்தது என்றால், பிரேக் பேட் தேயத் தேய மட்டம் மெதுவாக இறங்கும், அது இயல்பு. ஆனால் அது மாதக்கணக்கில் நூல் நூலாக இறங்குமே தவிர, மாதாமாதம் ஊற்றும் அளவுக்குப் போகாது. கிளட்சுக்குத் தனி டப்பா என்றால் மட்டம் இறங்கவே கூடாது. சொல்லப்போனால், வழக்கமான கிளட்சில் பிளேட் தேயும்போது ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளப்படுவதால் ஆயில் திரும்பி வந்து மட்டம் ஒரு துளி ஏறும். ஆகவே தனி டப்பாவில் குறைந்தால் லீக்தான், வேறு கதை கிடையாது.

தரையில் சொட்டு இல்லாததால் லீக் இல்லை என்று ஆகாது. மூன்று இடங்களைப் பாருங்கள்.

டிரைவர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச்சோடு தலையை விட்டு, கிளட்ச் பெடலின் மேல்பக்கத்தில் இருந்து என்ஜின் அறைக்குள் போகும் கம்பியைத் தேடுங்கள். அந்தக் கம்பி நுழையும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். ஈரமாக, வழவழப்பாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க வாஷர் போய்விட்டது. ஆயில் பெடல் வழியாக இறங்கி கார்ப்பெட்டுக்கு அடியில் ஊறிக் கிடக்கும், அதனால்தான் தரையில் தெரியாது. மேட்டைத் தூக்கி முகர்ந்து பார்த்தாலே தெரியும்.

அடுத்து ஸ்லேவ் சிலிண்டர். அது கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கும் காராக இருந்தால், அதன் வாயில் இருக்கும் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் அதன் வாஷர் போய்விட்டது. உறை அதைச் சொட்ட விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது கொஞ்சம் கஷ்டமான இடம். பல புதிய கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் வளையம் போல, ரிலீஸ் பேரிங்கோடு (கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் பேரிங்) ஒன்றாக, கியர்பாக்ஸ் கூட்டின் உள்ளேயே இருக்கும். அது கசிந்தால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் அடிப்பக்கம் ஈரமாக இருக்கும். அதை எஞ்சின் ஆயில் கசிவு என்று நினைத்து ஆயில் சீல் மாற்றி ஏமாந்தவர்கள் உண்டு. விரலில் தொட்டுப் பாருங்கள், எஞ்சின் ஆயில் கறுப்பாகக் கெட்டியாக இருக்கும், பிரேக் ஆயில் நீர்த்திருக்கும், தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேர்ந்த டப்பாவில் கிளட்சுக்குப் போகும் குழாய் சற்று மேலே இருக்கும். கிளட்ச் பக்கம் எவ்வளவு ஒழுகினாலும் அந்த மட்டம் வரைதான் இறங்கும், பிரேக்குக்கு ஆயில் மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். அதற்காக ஊற்றி ஊற்றி ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. ஒழுகுவது பிரேக் பக்கமாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள், இந்த வாரமே காட்டுங்கள்.

லீக் எங்கும் இல்லை, ஆயிலும் குறையவில்லை. ஆனால் சிக்னலில் முதல் கியரில் கிளட்சை மிதித்துக்கொண்டு நின்றால் கொஞ்ச நேரத்தில் வண்டி தானாக முன்னே ஊர்கிறது. – சென்னை வாசகர்

இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், முன்னால் நிற்கும் பைக்கை இடித்த பிறகுதான் புரியும்.

மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே முன்பக்கம் ஒரு வாஷர் இருக்கிறது. பெடலை மிதித்ததும் அதுதான் ஆயிலைத் தள்ளுகிறது. அது தேய்ந்தால் ஆயில் வெளியே ஒழுகாது, வாஷரைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து மறுபடி டப்பாவுக்கே போய்விடும். அதனால் மட்டம் குறையாது, ஈரமும் இருக்காது, ஆனால் மிதித்த அழுத்தம் நிற்காமல் கிளட்ச் மெல்ல மெல்லத் திரும்பப் பிடிக்கும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஓட விட்டு, பெடலைச் சட்டென்று மிதித்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். நியூட்ரலுக்கு வந்து, இந்த முறை பெடலை மிக மெதுவாக, பூனை நடப்பது போல இறக்கி, கொஞ்சம் பிடித்திருந்து போடுங்கள். சட்டென்று மிதித்தால் விழுகிறது, மெதுவாக மிதித்தால் கத்துகிறது என்றால் அந்த வாஷர்தான். வேகமாக மிதிக்கும்போது வாஷரின் உதடு விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்கிறது, மெதுவாக மிதித்தால் பிடிப்பதற்குள் ஆயில் நழுவிவிடுகிறது.

அப்புறம், சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்பதை விடுங்கள். நியூட்ரலுக்கு வாருங்கள். ரிலீஸ் பேரிங்கும் வாஷரும் அத்தனை நேரமும் முழு அழுத்தத்தில் இருக்கின்றன.

வால்பாறை ஏறும்போது லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். பாதி மலையில் பெடல் தொளதொளவென்று ஆகிவிட்டது, கியர் விழவில்லை. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. பேய் ஏதும் பிடித்துவிட்டதா? – பொள்ளாச்சி வாசகர்

பேய் இல்லை, தண்ணீர்.

கிளட்சில் இருப்பது பிரேக் ஆயில்தான். ஆயில் என்று நாம் சொல்கிறோமே தவிர அது எண்ணெய் வகையே இல்லை, கிளைகால் வகைத் திரவம். காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது அதன் குணம். டாட் 4 என்ற தர வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205-லிருந்து 140-க்கு இறங்கிவிடும்.

ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. லாரிக்குப் பின்னால் ஹாஃப் கிளட்சிலேயே ஊர்ந்தால் பிளேட்டும், அது பிடித்துக்கொள்ளும் எஞ்சின் சக்கரமான ஃபிளைவீலும் உரசி எவ்வளவு சூடாகும் என்று உங்களுக்கே அந்த வாடையில் தெரிந்திருக்கும். ஸ்லேவ் சிலிண்டர் அதை ஒட்டியே இருக்கிறது. பழைய ஆயிலில் இருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழி கட்டும். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி வாயை விரலால் அடைத்து அழுத்தினால் அசையாது, அதில் பாதி காற்று இருந்தால் பொசுக்கென்று உள்ளே போகுமே, அப்படித்தான் உங்கள் பெடலும் போனது. ஆறியதும் ஆவி மறுபடி நீராகிவிடும், பெடலும் திரும்பிவிடும். ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் "ஒண்ணும் இல்லையே சார்" என்பார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

ஆயிலை முழுக்க மாற்றுங்கள். எப்போது மாற்ற வேண்டும் என்பதை உங்கள் காரின் கையேடு சொல்லும், பல கம்பெனிகள் இரண்டு ஆண்டு என்கின்றன. ஓட்டமில்லாத காருக்கும் இதே கணக்குதான், ஈரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு தெரியாது. ஒரு விஷயத்தை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் வாய்விட்டுக் கேளுங்கள். பிரேக் ஆயில் மாற்றினோம் என்பார்கள், நாலு சக்கரத்திலும் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகு) திறந்து பழையதை எடுத்திருப்பார்கள், கிளட்ச் நிப்பிளைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். டப்பாவில் தேன் நிறத்தில் புது ஆயில் மின்னும், கிளட்ச் லைனுக்குள் கார் வாங்கிய நாளில் இருந்த ஆயிலே கிடக்கும். "கிளட்ச் லைனும் எடுத்தீங்களா?" என்று கேட்டு, முடிந்தால் பக்கத்திலேயே நின்று பாருங்கள். வருவது கறுப்பாக, பொடிப்பொடியாக இருந்தால் அந்தக் கறுப்பு ரப்பர் வாஷர் தேய்ந்த தூளாக இருக்கலாம். அப்போது சிலிண்டரையும் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கிளட்ச் லைனில் ஏர் எடுப்பதை நானே செய்யலாமா? – ஈரோடு வாசகர்

ஸ்லேவ் சிலிண்டர் நிப்பிள் கைக்கு எட்டினால் செய்யலாம். துணைக்கு ஒரு ஆள் வேண்டும், சொன்னதை மட்டும் செய்கிற ஆளாக இருந்தால் நல்லது.

டப்பாவை நிரப்புங்கள். நிப்பிளில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன் மேல் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சொருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி வையுங்கள். "மிதி" என்றால் உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக முழுக்க மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றோ அரைச் சுற்றோ திறங்கள், குமிழியோடு ஆயில் வரும். நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகுதான் "விடு" என்று சொல்ல வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளிக்காற்றை நீங்களே உள்ளே இழுத்துக்கொள்கிறீர்கள், ராத்திரி வரை எடுத்தாலும் தீராது. பெடல் தானாக மேலே வராவிட்டால் கையால் தூக்கிவிடச் சொல்லுங்கள். குமிழி நின்று, சுத்தமான ஆயில் வரும்வரை திரும்பத் திரும்ப இதையே செய்ய வேண்டும். நடுவில் டப்பாவை மறந்துவிடாதீர்கள், மட்டம் குழாய் வாய்க்குக் கீழே போனால் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

எவ்வளவு எடுத்தும் பெடல் மெத்தென்றே இருந்தால், லைனில் எங்காவது மேடான வளைவில் காற்று உட்கார்ந்திருக்கிறது. காற்று மேலே போகவே பார்க்கும், நாம் அதைக் கீழே இழுக்கிறோம். அதனால் சில மெக்கானிக்குகள் தலைகீழாகச் செய்வார்கள்: டப்பாவில் கொஞ்சம் ஆயிலைக் குறைத்துவிட்டு, பெரிய சிரிஞ்சால் நிப்பிள் வழியாகப் புது ஆயிலைக் கீழிருந்து மேலே ஏற்றுவார்கள், குமிழிகள் டப்பாவில் வந்து வெடிக்கும். நல்ல முறை.

எடுத்த ஆயிலை மறுபடி ஊற்றாதீர்கள். பெயின்ட்டில் சிந்தினால் துடைத்துக்கொண்டு நிற்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும்.

அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றலாமா? – கடலூர் வாசகர்

கூடவே கூடாது. இந்த சிலிண்டர்களின் ரப்பர் கிளைகால் திரவத்துக்காகச் செய்தது, மினரல் ஆயில் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். சேர்ந்த டப்பா என்றால் பிரேக்கும் போச்சு. டப்பா மூடியில் டாட் 3, டாட் 4 என்று போட்டிருக்கும், அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன், அது வேண்டாம். டாட் 5.1 வேறு, அது கிளைகால்தான். பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது.

மகன் வெளிநாட்டில். அவன் கார் எட்டு மாதமாக ஷெட்டில் நின்றது. ஸ்டார்ட் ஆகிறது, பெடல் வழக்கம் போலத்தான் இருக்கிறது, ஆனால் எந்தக் கியரும் விழவில்லை. ஆயில் எல்லாம் சரியாக இருக்கிறது. – நாகர்கோவில் வாசகர்

இவ்வளவு நேரம் ஆயில் ஆயில் என்றேன், உங்களுடையது வேறு மாதிரி தெரிகிறது ஐயா. ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஸ்லேவ் சிலிண்டரின் கம்பி கிளட்ச் ஃபோர்க்கை (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் நெம்புகோல்) நன்றாகத் தள்ளுகிறதா என்று பாருங்கள். நன்றாகத் தள்ளுகிறது, அப்படியும் கியர் விழவில்லை என்றால் ஹைட்ராலிக் தன் வேலையைச் செய்துவிட்டது. உப்புக்காற்று அடிக்கிற ஊரில், மழைக்காலம் முழுக்க நின்ற காரில், கிளட்ச் பிளேட் துருவால் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்வது உண்டு.

முன்னால் ஆளோ சுவரோ இல்லாத திறந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், எஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணைத்து, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பும். ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துக் கொடுத்து விட்டால் அந்த வெட்டலில் பிளேட் பிரிந்துவிடலாம். அனுபவமுள்ள டிரைவர் செய்யட்டும், நீங்கள் வேண்டாம். பிரியாவிட்டால் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

வாஷர் கிட் மட்டும் போட்டால் போதுமா, முழு சிலிண்டரும் மாற்ற வேண்டுமா? – கும்பகோணம் வாசகர்

சிலிண்டரைப் பிரித்து, உட்சுவரை துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். வழவழவென்று இருந்தால் கிட் போதும். நகத்தால் வருடும்போது புள்ளியோ கோடோ தட்டுப்பட்டால் புது வாஷரையும் அது அரைத்துவிடும், சிலிண்டரையே மாற்றுங்கள். மாஸ்டரைப் புதிதாகப் போட்டு ஸ்லேவைப் பழையதாக விட்டால், அதுவரை அரைகுறை அழுத்தத்தில் பிழைத்துக்கொண்டிருந்த ஸ்லேவ் முழு அழுத்தம் பட்டதும் கசியத் தொடங்குவது சகஜம். வயதான வண்டி என்றால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே என் கட்சி.

ஸ்லேவ் கியர்பாக்ஸ் உள்ளே இருக்கும் காருக்குக் கணக்கு மாறும். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கூலிதான் பெரிய செலவு. இறக்கும்போது பிளேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அதேபோல, பிளேட்டுக்காக இறக்கும்போது பழைய ஸ்லேவையே திரும்ப மாட்டி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பெடல் கீழே போய் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? – சேலம் வாசகர்

பிரேக் இருக்கிறதா என்று முதலில் ஒரு மிதி மிதித்துப் பாருங்கள். இருந்தால் பதற்றம் வேண்டாம், நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் கியரில் இருக்கும் இழுவை தளரும், அந்த நொடியில் லிவரை நியூட்ரலுக்கு இழுத்தால் கிளட்ச் இல்லாமலே வந்துவிடும். பிரேக் போட்டு ஓரம் கட்டுங்கள். பெடலைக் கால் நுனியால் மேலே தூக்கி, நாலைந்து முறை மிதித்துப் பாருங்கள். டப்பாவில் ஆயில் இல்லாவிட்டால் ஊற்றிவிட்டு மிதியுங்கள். கொஞ்சம் அழுத்தம் வந்தால் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போகலாம்.

எதுவும் வரவில்லை, வண்டி ஆபத்தான இடத்தில் நிற்கிறது என்றால் முதல் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்தால் துள்ளிக்கொண்டு நகரும், ஓரத்துக்குக் கொண்டுவர மட்டும் இதைச் செய்யுங்கள். இப்படியே வீடு வரை ஓட்டிக்கொண்டு போன வீரர்கள் இருக்கிறார்கள். வழியில் ஒரு சிக்னல் இல்லை, ஒரு மாடு குறுக்கே வரவில்லை என்றால் போகலாம்தான், அப்படி ஒரு சாலை சேலத்தில் எங்கே இருக்கிறது என்று எனக்கும் சொல்லுங்கள். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

என்னுடையது பழைய ஆல்ட்டோ. இதில் எந்த ஆயிலைப் பார்ப்பது? – திருச்சி வாசகர்

உங்கள் காரில் கிளட்சுக்கு ஆயிலே கிடையாது, கேபிள். பெடல் நாளுக்கு நாள் கனமாகிறது என்றால் கேபிள் இழை பிரிகிறதா என்று பாருங்கள், அறுவதற்கு முன் மாற்றிவிடுங்கள். அடுத்த இதழில் கேபிள் பற்றி எழுதுகிறேன், கேள்வி இருந்தால் இப்போதே அனுப்புங்கள்.